தக்கை படுத்தால் தூக்கு

மினசோட்டாவில் வால்ஐ மீனுக்கு இருக்கும் மவுசே தனி. 1965 முதல் அதுதான் மாநில மீன். மே நடுவில் அதன் சீசன் திறக்கும்போது ஆளுநரே தூண்டிலோடு படகேறுவார், பத்திரிகையில் படம் வரும். கிராப்பி மீனுக்கு அந்த மரியாதை கிடையாது. வருடம் முழுக்கப் பிடிக்கலாம் என்பதாலேயே இளக்காரம். சட்டியில் போடுகிற மீன், பிள்ளைகள் பொழுதுபோக்கப் பிடிக்கிற மீன் என்பார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வசந்தத்தில் நம்மூர்த் தம்பி ஒருவர் என் படகில் வந்து, என் தூண்டில் தக்கையைப் பார்த்துச் சிரித்தார். "என்ன அங்கிள், கீழ மீன் இருக்கா இல்லையான்னே தெரியாம போடறீங்க?" அவர் படகில் நேரலை சோனார் இருக்கிறதாம். மீன் வாலை ஆட்டுவதுகூடத் திரையில் தெரியுமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எழுத நேரம் இருக்கிறது, எழுதுகிறேன்.

ஏப்ரலில் ஐஸ் போனதும் கரைக்கு வரும் கிராப்பி முட்டையிட வருகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது தின்ன வருகிறது. ஏரியின் வடகரையில், ஆழமில்லாத, கறுத்த சேற்றுத் தரையுள்ள குடாவைத் தேடிப் போகவேண்டும். தெற்கிலிருந்து வெயில் அங்கே நேராக விழும், வாடை அண்டாது, சேறு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். நடு ஏரி விறைத்துக் கிடக்கையில் அந்த மூலை மட்டும் பிற்பகலுக்குள் சில டிகிரி ஏறிவிடும். பூச்சியும் பொடிமீனும் அங்கே கூடும், பின்னாலேயே கிராப்பி வரும். அதனால் இந்தப் பருவத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும். அலாரம் வைத்து விடியலில் போகிறவர்கள் ஜலதோஷம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். ஓர் இரவு குளிர்காற்று அடித்தால் கூட்டம் குடாவை விட்டு வெளியே, ஆழம் தொடங்கும் விளிம்புக்குப் போய்விடும். முட்டையிடுவதெல்லாம் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய பிறகு, கெட்டித் தரையில் முளைத்த கோரையின் அடியில். அப்போது ஆண் மீன் கரிக்கட்டை நிறத்துக்கு மாறிக் கூட்டைக் காவல் காக்கும்.

இதெல்லாம் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். படித்து வராதது தக்கை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இரைக்கடை வைத்திருந்த ஒரு கிழவர். நார்வே வம்சம், நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவர் கற்றுக்கொடுத்தது ஆழம் ஒன்றைத்தான், ஆனால் அதற்கே சில வசந்தங்கள் எடுத்துக்கொண்டார். கிராப்பியின் கண் மேலே பார்க்கும். இரை அதன் தலைக்கு மேல் தொங்கினால் எழுந்து வந்து எடுக்கும், கீழே தொங்கினால் எடுக்க இறங்காது. நாலடித் தண்ணீரில் இரை ஒன்றரை அடியில் நிற்பதா இரண்டரை அடியில் நிற்பதா என்பதில் அன்றைய சாப்பாடே அடங்கியிருக்கிறது. ஆழத்தை மாற்ற, நரம்பில் கட்டிய நூல் முடிச்சைக் கிழவர் கட்டைவிரல் நகத்தால் தள்ளுவார், ஒரு தடவைக்கு இரண்டு விரற்கடைதான். பிறகு காத்திருப்பார். பிறகு மறுபடி இரண்டு விரற்கடை. பொடிமீனின் முதுகுத் துடுப்புக்குக் கீழே, எலும்பில் படாமல் முள்ளை ஏற்றவேண்டும், அது நீந்திக்கொண்டே இருக்கவேண்டும். தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்படி ஈயமணிகளை ஒவ்வொன்றாகக் கடித்து ஏற்றுவார்.

அத்தனை துல்லியம் எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, பார் என்று கையைக் காட்டினார். தக்கை முங்கினால் யாருக்கும் தெரியும். கிராப்பி பாதி நேரம் முங்க வைப்பதில்லை. கீழிருந்து வந்து இரையைக் கவ்வி, வந்த வேகத்தில் இன்னும் மேலே போகும். ஈயத்தின் பாரம் விட்டுப்போனதும் தக்கை கொஞ்சம் எழும்பி, தண்ணீர் மேல் பக்கவாட்டில் படுத்துவிடும். நுனி மட்டும் தெரியும்படி எடை கட்டியவனுக்குத்தான் அது புலப்படும். அலை என்று நினைத்து உட்கார்ந்திருப்பவனின் இரையை மீன் சப்பித் துப்பிவிட்டுப் போயிருக்கும்.

படுத்ததும் சுண்டக்கூடாது. கிராப்பியின் வாய் காகிதம், சுண்டினால் கிழியும். கோலை மெல்லத் தூக்கினால் போதும். நான் சுண்டும்போதெல்லாம் கிழவர் ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து கோலை வாங்கிப் படகின் தரையில் வைத்துவிடுவார். அவராக எடுத்துக் கொடுக்கும்வரை நான் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும்.

சோனார் தம்பிகளிடம் கோலை வாங்கி வைக்க ஆளில்லை. 2018 வாக்கில் இந்தத் திரைகள் வரத்தொடங்கின. மீனைக் காட்டுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் வசந்தத்தில் கரையோரம் தக்கை போட அவர்களுக்குப் பொறுமை இல்லை. குளிர்காலத்தில் 30 அடிக் குழியில் கூட்டமாக ஒடுங்கிக் கிடக்கும் மீனைத் திரையில் துரத்துகிறார்கள். அந்த ஆழத்திலிருந்து இழுத்த மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும், திருப்பி விட்டாலும் பல பிழைப்பதில்லை. ஒரு நாளைக்குப் பத்து என்று சட்டம் வைத்திருக்கிறது, இவர்கள் பத்தையும் எடுக்காவிட்டால் பாவம் என்பதுபோல் எடுக்கிறார்கள். மேல் ரெட் ஏரியில் நடந்ததைச் சொன்னால் கதை என்கிறார்கள். அங்கே 1990களில் வால்ஐ அழிந்த இடைவெளியில், 1995இல் பொரித்த கிராப்பிக் குஞ்சுகள் ஏகமாகப் பிழைத்தன. சில வருடங்கள் ஐஸ் மேல் தூண்டில்காரர் கூட்டம் தாங்கவில்லை. 2006இல் வால்ஐ பிடிக்க மறுபடி அனுமதித்தபோது அந்தக் கிராப்பித் திருவிழா முடிந்திருந்தது. கிராப்பிக்கு நல்ல குஞ்சு வருடம் எப்போதோதான் வாய்க்கும்.

இதைவிட என்னை எரிச்சலூட்டுவது கரையில் நடப்பது. வாரக்கடைசி வீடு வாங்குகிறவர்களுக்கு மணல் கரை வேண்டும், கோரை கண்ணை உறுத்துகிறது. கோரையை அழிக்க மாநில இயற்கை வளத் துறையின் அனுமதி வேண்டும். எங்கள் ஏரியில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியாது, கோரை மட்டும் வருடா வருடம் குறைகிறது. ஒருமுறை போனால் லேசில் திரும்பாது, அடியில் இருந்த கூடும் போனதுதான். வெட்டுவதைப் பார்த்தால் துறைக்கு போன் போட்டுவிடுவேன். போன் போடுவது அந்த இந்தியக் கிழவன்தான் என்று ஏரிச் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம். என் நம்பரை மறைத்துக்கொண்டு நான் போன் போடுவதில்லை.