மலை சைக்கிளும் மண்டகப்பட்டு மன்னனும்

விழுப்புரம் மாவட்டத்தில் அனந்தபுரம் என்று ஒரு பேரூராட்சி. செஞ்சி தெரியும், திண்டிவனம் தெரியும், இது எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் அதிகம். செஞ்சிக் கோட்டைக்குப் போகிற டூரிஸ்ட் கூட்டம் இந்த ஊரைக் கண்டுகொள்வதில்லை. நெல், கரும்பு, மணிலாக்கொட்டை, ஏரிக்கரை, நடுவில் யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல் பாறைக் குன்றுகள், அதைச் சுற்றிச் சீமைக்கருவேல முள்... இதுதான் சுற்றுவட்டாரம். சைக்கிள் மிதிக்கத் தோதான பூமி. ஒரு காலத்தில் எல்லோரும் மிதித்தார்கள். இப்போது எல்லோரிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கூடவே தொப்பையும் இருக்கிறது.

இந்த ஊர்க்கார நண்பன் ஒருவன். விழுப்புரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். வயது முப்பத்து நாலு. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. "தினம் முக்கால் மணி நேரம் உடம்பை அசைங்க. ஆறு மாசம் கழிச்சு மாத்திரை வேணுமா, வேணாமான்னு பார்க்கலாம்" என்று டாக்டர் கெடு வைத்துவிட்டார். அவன் அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். அதனால் பயல் பயந்துபோயிருந்தான்.

பயந்தவன் என்ன செய்வான்? கடைக்குப் போவான்.

"மச்சி, மௌண்டன் பைக் பார்த்து வச்சிருக்கேன். முன்னால ஷாக், பின்னால ஷாக், ரெண்டு பக்கமும் டிஸ்க், இருபத்தோரு கியர். இருபத்திரண்டாயிரம். மாசத் தவணைகூட இருக்குடா!"

"எந்த மலைக்குடா போகப் போறே?"

"ஏன், பனமலை இருக்கே!"

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். மலை சைக்கிள் பிறந்தது அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மரின் கவுண்டியில். 1970-களில் அங்கே சில இளவட்டங்கள் காயலான் கடையில் கிடந்த பழைய குண்டு டயர் சைக்கிள்களைத் தூசி தட்டி, டாமல்பையஸ் என்ற மலைப்பக்கம் ஏற்றிக்கொண்டு போய், மண் பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976-ல் அதையே பந்தயமாக்கி 'ரீபேக்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் வேடிக்கையானது. அடிவாரம் வருவதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதுசாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதுதான் ரீபேக்! 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனியாக ஒரு பிரேம் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பதக்க விளையாட்டாகிவிட்டது.

நம் ஊருக்கு அது 'ஹெர்குலஸ் எம்.டி.பி.' என்ற பெயரில் வந்தது. 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் வண்டி. தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு பையனிடம் அது இருந்தால், மற்ற பையன்கள் எல்லாம் அவனுக்குச் சிநேகிதர்கள். அதில் ஷாக்கும் கிடையாது, டிஸ்க்கும் கிடையாது. நேர் ஹேண்டில்பார், குண்டு டயர், அவ்வளவுதான். அந்த அழகே போதுமானதாக இருந்தது.

"தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பாருடா" என்றேன். நண்பனின் அக்கா மகனிடம் ரெட்டை ஷாக் வைத்த வண்டி ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டில் ஷாக் இல்லாத சாதாரண எம்.டி.பி. ஒன்று. இரண்டையும் கடன் வாங்கிக்கொண்டு விடியற்காலையில் பனமலைக்குக் கிளம்பினோம்.

தார் ரோட்டில் கால் மணி நேரம் போவதற்குள் வித்தியாசம் தெரிந்துவிட்டது. ரெட்டை ஷாக் வண்டியில் ஒவ்வொரு மிதிக்கும் சீட் 'ஙொய்' என்று அமுங்கி எழுந்தது. நாம் காலில் கொடுக்கிற பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. விலை உயர்ந்த வண்டிகளில் இதற்கு மாற்று ஏற்பாடு உண்டு. மலிவு வண்டியில் ஸ்பிரிங் என்பது வெறும் எடை. இரும்பு பிரேம், முன் ஷாக், பின் ஷாக் எல்லாம் சேர்ந்தால் வண்டி பதினெட்டு கிலோவைத் தொட்டுவிடும். "ஆட்டுக்கல்லைக் கட்டி இழுக்கற மாதிரி இருக்குடா" என்றான் நண்பன். வண்டியை மாற்றிக்கொண்டோம். அதற்கப்புறம் மூச்சு வாங்கியது எனக்கு.

ஏரிக்கரை மண் பாதையில் இறங்கியபோது மேடு பள்ளத்தை யார் சமாளித்தது தெரியுமா? ஷாக் இல்லை, டயர்! குண்டு டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் அதுவே மெத்தை. எவ்வளவு காற்று தாங்கும் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். அந்த எல்லைக்குள் மண்ணுக்குக் குறைவு, தாருக்கு அதிகம். காசு செலவில்லாத சஸ்பென்ஷன்.

பனமலைக் குன்றின் மேல் இருக்கிறது தாளகிரீஸ்வரர் கோயில். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. உள்ளே ஒரு சிற்றாலயச் சுவரில் கிரீடம் சூடி, குடை நிழலில் ஒயிலாக நிற்கும் பார்வதியின் ஓவியம். ஆயிரத்து முந்நூறு வருஷம் தாண்டியும் அந்த முகத்தில் நிறம் மிச்சமிருக்கிறது. மேலே நின்று பார்த்தால் ஏரியும் வயலும் பாய் விரித்ததுபோல் தெரியும். குன்றின் மேல் நடந்துதான் ஏறினோம். மலை சைக்கிள் அடிவாரத்தில் பூட்டிக் கிடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்!

திரும்பும்போது கருவேல முள் தன் வேலையைக் காட்டியது. ரெட்டை ஷாக் வண்டியின் பின் டயர் பஞ்சர். தள்ளிக்கொண்டு ஊருக்குள் வந்தோம். சைக்கிள் கடைப் பெரியவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டே வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இந்த டியூபு இருக்கு, டயரு இருக்கு. பிரேக் கட்டை இருக்கு. பின்னால இந்த ஸ்பிரிங் ஆடுது பாரு, அதுக்கு உள்ள போடற புஷ்ஷு இன்னா சைஸுன்னு எனக்குத் தெரியாது. போச்சுன்னா விழுப்புரம்... அங்கயும் இல்லைன்னா, வண்டியை வீட்டுச் செவுத்துல சாத்தி வச்சிட வேண்டியதுதான்."

பி.காம் படித்தவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாங்குகிற விலை ஒருநாள் செலவு. ரிப்பேர்தான் தொடர் செலவு. உள்ளூரில் கழற்றி மாட்ட முடியாத பாகம் எதுவோ, அதுதான் வண்டியிலேயே விலை அதிகமான பாகம்.

அடுத்த ஞாயிறு மண்டகப்பட்டு. விழுப்புரம் - செஞ்சி சாலையில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து செய்த குகைக் கோயில். வாசலில் இரண்டு துவாரபாலகர்கள். கல்வெட்டில் மன்னன் சொல்லும் பெருமை என்ன தெரியுமா? பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்பதுதான்! 'என்னென்ன சேர்த்தேன்' என்று பட்டியல் போடாமல், 'என்னென்ன இல்லாமல் செய்தேன்' என்று பட்டியல் போட்ட மன்னன்.

நண்பன் கொஞ்ச நேரம் அந்தத் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சி, பின் ஷாக்கை எடுத்துடலாம்" என்றான். கோயில் நிழலில் உட்கார்ந்து கடைசியாக நாங்கள் போட்ட பட்டியல் இது. உங்களுக்கும் உதவும்.

பின் ஷாக்: பத்து, பதினைந்தாயிரம் பட்ஜெட்டில் வேண்டவே வேண்டாம். முன் ஷாக்கும் இல்லாவிட்டால் உத்தமம். வண்டி இரண்டு கிலோ மிச்சம் எடை குறையும்.

கியர்: முன்னால் மூன்று, பின்னால் ஏழு, ஆக இருபத்தொன்று. ஆனால் பாதிக் கியர்கள் ஒன்றுக்கொன்று ஒரே மாதிரிதான். சமவெளிக்கும் எதிர்க்காற்றுக்கும் பின்னால் ஏழு இருந்தால் தாராளம். கியரே இல்லாவிட்டாலும் இந்தப் பக்கம் குடி முழுகாது.

பிரேக்: டிஸ்க் மழையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தகடு லேசாக வளைந்தாலும் உரசும். ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக்கின் கட்டை எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

சக்கரம்: இருபத்தாறு, இருபத்தேழரை, இருபத்தொன்பது இன்ச் என்று மூன்று உண்டு. பெரிய சக்கரம் குழியை எளிதாகத் தாண்டும். கிராமத்தில் டயர், டியூப் சுலபமாகக் கிடைப்பது இருபத்தாறுக்கு. மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு இருந்தால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம்.

அளவு: பாரின் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். சீட் தாழ்ந்திருந்தால் முட்டிவலி வரலாம்.

பெட்டியில் வரும் வண்டியானால், மெக்கானிக்கிடம் கொடுத்துப் பூட்டுங்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ். தெரியாமல் திருகினால் மரை தின்றுவிடும்.

ஹெல்மெட், பூட்டு, பின்விளக்கு, கைப்பம்ப் இவற்றுக்குத் தனியாக இரண்டாயிரம் ஒதுக்குங்கள். இன்னொரு நல்ல சேதி: 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. பன்னிரண்டிலிருந்து ஐந்து சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. பில்லைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

நண்பன் கடைசியில் ஷாக் இல்லாத, ஏழு கியர் வண்டி ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கினான். தவணை இல்லை, கையெழுத்து இல்லை. தவணைக்குப் போக வேண்டிய பணத்தில் வீட்டில் கேழ்வரகும் காய்கறியும் கூடுதலாக வருவதாகக் கேள்வி. இரண்டு மாதமாக ஒருநாள் விடாமல் மிதிக்கிறான். ஒருமுறை செயின் கழன்றதற்கும், மூன்று பஞ்சருக்கும் அந்தப் பெரியவரே வைத்தியம் பார்த்துவிட்டார். சர்க்கரைக் கணக்கு டாக்டரிடம்தான் தெரியும். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருப்பது எனக்கே தெரிகிறது.

அடுத்த திட்டம் செஞ்சி. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக் கிடந்த கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி உச்சி சுமார் எண்ணூறு அடி. அதற்கும் சைக்கிள் ஏறாது. கீழே பூட்டிவிட்டு, படியில் கால்தான் ஏற வேண்டும்.

அதற்குத்தானே காலைத் தயார் பண்ணுகிறோம்!