பந்தைத் தொடாதவர்கள்

அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்களின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். எறிகிற குவார்ட்டர்பேக், பிடிக்கிற ரிசீவர், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக், இவர்களைத்தான் ஒளிபரப்பும் காட்டும். என் கண் வேறிடத்தில் பழகிவிட்டது. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும் ஐந்து பேர் மீது. அஃபென்சிவ் லைன் என்று பெயர். நடுவில் நிற்கும் சென்டர் பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார். அதோடு அவருக்கும் பந்துக்கும் உறவு முடிந்தது. அவருக்கு இருபுறமும் நிற்கும் கார்டுகளும், ஓரங்களில் நிற்கும் டேக்கிள்களும் பந்தைத் தொடுவதே அபூர்வம்.

கல்லூரி அணிகளில் ஆடும் பையன்களைப் பார்த்து, அவர்கள் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் நிலைப்பார்களா என்று எழுதிக்கொடுக்கும் ஸ்கவுட் நான். ஏப்ரல் கடைசியில், அணிகள் முறைவைத்து இந்தப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கும். 32 அணிகள், ஏழு சுற்றுகள், சுமார் 250 பெயர்கள். போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 1936இல் தொடங்கிய வழக்கம் இது. மூன்று நாள் நடக்கும் அந்த ஏலத்துக்கு, இல்லை, அதை ஏலம் என்று சொல்வது தவறு, அங்கே யாரும் விலை கேட்பதில்லை. அந்தத் தேர்வுக்கு முந்தைய ஆகஸ்டிலேயே எங்கள் வேலை தொடங்கிவிடும்.

மற்ற இடங்களில் ஆடுபவர்களுக்கு எண்கள் உண்டு. எத்தனை கஜம் ஓடினான், எத்தனை பந்து பிடித்தான் என்று. லைன்மேனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. குவார்ட்டர்பேக் எத்தனை முறை வீழ்த்தப்பட்டார் என்ற கணக்கு இருக்கிறது. ஆனால் அது யாருடைய பிழை என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. பக்கத்தில் நிற்கும் கார்டு தன் ஆளை விட்டிருக்கலாம், ரன்னிங் பேக் தடுக்க மறந்திருக்கலாம், குவார்ட்டர்பேக்கே பந்தை அதிக நேரம் கையில் வைத்திருந்திருக்கலாம். அதனால் லைன்மேனை மதிப்பிட ஒரே வழி உட்கார்ந்து பார்ப்பதுதான்.

நாங்கள் பார்ப்பது தொலைக்காட்சியில் வந்த படம் அல்ல. அரங்கின் உச்சியில் பக்கவாட்டிலிருந்து இருபத்திரண்டு பேரும் தெரியும்படி எடுத்தது ஒன்று, களத்தின் முனையில் உயரத்திலிருந்து எடுத்தது இன்னொன்று. லைன்மேனுக்கு இரண்டாவதுதான் உயிர். ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவேன். முதலில் கால், பிறகு கை, பிறகு தலை. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. கை செய்யும் தவறுகளில் பாதி காலில் தொடங்கியவை.

டேக்கிள் செய்யும் வேலை மனித உடம்புக்கு இயல்பானதே அல்ல. எதிரி முழு வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறான். இவன் 140 கிலோ உடம்போடு பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே அவனை மறிக்க வேண்டும். கபடிக் களத்தில் கார்னரில் நிற்பவர் முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ரைடர் எந்தப் பக்கம் போனாலும் பாயத் தோதாக நிற்பாரே, அந்த நிலைதான் இங்கேயும் வேண்டும். முழங்காலை மடக்குபவனுக்கும் இடுப்பிலிருந்து குனிபவனுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தொழிலில் பெரியது. குனிபவனின் தலை முன்னால் போகும், பாரம் விரல்நுனிக்கு வரும், எதிரி கையைத் தட்டிவிட்டால் கவிழ்ந்துவிடுவான். மடக்குபவன் ஒருமுறை ஏமாந்தாலும் அடுத்த அடியில் சமாளித்துக்கொள்வான். அந்தச் சமாளிப்பைத்தான் நான் தேடுகிறேன். எதிரியைத் தூக்கியடித்த ஆட்டங்களைத் தொகுத்துப் படம் போடுவார்கள். அவற்றிலிருந்து எனக்குத் தெரியவருவது குறைவு. தோற்றுக்கொண்டிருக்கும்போது கால் என்ன செய்கிறது? நான்காம் கால்பகுதியில், மூச்சு வாங்கும்போது, முதல் அடி அதே நீளத்தில் விழுகிறதா? பந்து மறுபக்கம் போய்விட்ட பிறகும் இவன் தடுக்க ஆள் தேடி ஓடுகிறானா, நின்று பார்க்கிறானா? அறிக்கையில் நான் நீளமாக எழுதுவது இவற்றைத்தான்.

இன்றைய கல்லூரி ஆட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. பல அணிகள் பந்தை இரண்டு வினாடிக்குள் வெளியே அனுப்பிவிடுகின்றன. அவ்வளவு நேரம் யார் வேண்டுமானாலும் தடுத்துவிடலாம். ஆட்டத்துக்கு எழுபது முறை களமிறங்கும் ஒரு டேக்கிள், தொழில்முறை ஆட்டத்தில் செய்ய வேண்டியதைச் செய்வது அதில் ஏழெட்டு முறைதான் இருக்கும். மூன்றாம் முயற்சி, இன்னும் பத்து கஜம் வேண்டும், பந்து எறியத்தான் போகிறார்கள் என்று அரங்கமே அறிந்த நேரம். அப்படிப்பட்ட தருணங்களைப் பருவம் முழுவதிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்து வரிசையாகப் பார்த்தால்தான் பையன் யாரென்று தெரியும்.

படம் பார்த்து முடித்த பிறகுதான் கல்லூரிக்குள் மற்றவர்களிடம் பேசப்போவேன். உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சியாளர், காயங்களைப் பார்க்கும் டிரெய்னர், பாட ஆலோசகர், சீருடையும் தலைக்கவசமும் கொடுக்கும் அறையில் இருப்பவர். இந்தக் கடைசி ஆளிடம் அவசியம் பேச வேண்டும். யார் எதையும் கேட்டு வாங்குகிறான், யார் அதட்டி வாங்குகிறான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒருவர் மட்டும் சொன்னதை நான் எழுதுவதில்லை. இருபத்தொரு வயதுப் பையனைப் பற்றிய ஒரு வதந்தி அறிக்கையில் ஏறிவிட்டால், அது எங்கள் கணினியிலிருந்து என்றைக்கும் இறங்காது. அவனுடைய வாழ்க்கையின் பெரிய ஊதியம் அந்த ஒரு வரியில் கரைந்துபோகலாம். எதிரணியில் ஆடியவர்களிடம் கேட்கும் கேள்வியை மட்டும் நான் விடுவதே இல்லை: இந்தப் பருவத்தில் உன்னை அதிகம் சிரமப்படுத்தியவன் யார்? அதற்கு வரும் பதிலில் தந்திரம் இருந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி கடைசியில் கம்பைன். 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்டோரை அழைத்து அளக்கிறார்கள். கல்லூரிக் கையேட்டில் ஆறடி ஆறு அங்குலம் என்று போட்டிருப்பார்கள்; இங்கே 6053 என்று வரும். ஆறடி, ஐந்து அங்குலம், அதற்குமேல் எட்டில் மூன்று பங்கு என்று படிக்க வேண்டும். கையின் நீளம், உள்ளங்கையின் அகலம், 40 கஜ ஓட்டம், 225 பவுண்டு எடையை மல்லாந்து படுத்து எத்தனை முறை தூக்குகிறான் என்ற கணக்கு. தொலைக்காட்சிக்கு ஓட்டம்தான் திருவிழா. அணிகளுக்கு முக்கியம் மருத்துவப் பரிசோதனை. எந்த முழங்கால் எத்தனை ஆண்டு தாங்கும் என்று எல்லா அணிகளின் மருத்துவர்களும் ஒரே இடத்தில் பார்த்துவிடுகிறார்கள்.

அளவுகளை நான் வெறுப்பவன் அல்ல. அவை எப்போது வர வேண்டும் என்பதில்தான் பிடிவாதம். என் அறிக்கை கம்பைனுக்கு முன்பே எழுதி முடிந்திருக்க வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், கண் அந்த எண்ணுக்குச் சாட்சி தேட ஆரம்பித்துவிடும். 1989இல் மிச்சிகன் ஸ்டேட் டேக்கிள் டோனி மாண்டரிச்சை எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். முந்நூறு பவுண்டுக்கு மேல் எடை, ஐந்து வினாடிக்கும் குறைவான ஓட்டம், சிலை போன்ற உடம்பு. கிரீன் பே அணி அவரை இரண்டாவதாக எடுத்தது. அவருக்கு அடுத்துப் போன மூவர் பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். மூவரும் இன்று இந்த ஆட்டத்தின் சிறந்தவர்களைப் பதிந்துவைக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மாண்டரிச் சில பருவங்களில் அணியை விட்டுப் போனார். கல்லூரிக் காலத்தில் ஊக்க மருந்து எடுத்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

எதிர்ப்பக்கக் கதை 2018இல் நடந்தது. ஓக்லஹோமாவின் இடது டேக்கிள் ஆர்லாண்டோ பிரவுன், கம்பைனில் 40 கஜத்தை 5.85 வினாடியில் ஓடினார். எடையை 14 முறைதான் தூக்கினார். டேக்கிள்களிலேயே மிக மோசமான எண்கள். முதல் சுற்றில் பேசப்பட்டவர் மூன்றாம் சுற்றில் 83ஆவது ஆளாகப் போனார். ஆனால் படத்தில் என்ன இருந்தது? நீண்ட கை, அகன்ற உடம்பு, எதிரி அவரைச் சுற்றிக்கொண்டு போவதற்கே நெடுந்தூரம் ஓட வேண்டியிருந்தது. அந்தக் கல்லூரி குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டுதான் அந்த ஆண்டு முதல் ஆளாகத் தேர்வானவர். அவர் நின்று எறிந்தது பிரவுனின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

எண்களை முதன்முதலில் முறையாக இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இந்தியர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1960களில் டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் டெக்ஸ் ஷ்ராம், ஐ.பி.எம்.மில் இருந்த சலாம் குரேஷி என்ற புள்ளியியலாளரை அணுகினார். குரேஷிக்குக் கிரிக்கெட் தெரியும், இந்த ஆட்டம் தெரியாது. அவர் நிறுத்துக் கடிகாரத்தையும் எடைக்கருவியையும் முதலில் தொடவில்லை. ஸ்கவுட்டுகள் எதைப் பார்த்து முடிவுக்கு வருகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, குணம், உடலின் சுறுசுறுப்பும் கட்டுப்பாடும், போட்டி மனம், மனக்கூர்மை, வலிமையோடு கூடிய வெடிப்பு என ஐந்து தன்மைகளுக்குக் கொண்டுவந்தார். மனிதக் கண்ணை ஒதுக்குவதற்காக அல்ல, பல கண்கள் பார்த்ததை ஒரே அளவுகோலில் வைப்பதற்காகவே கணினியைப் பயன்படுத்தினார் என்பதில் எனக்கு அவர்மேல் பெருமதிப்பு.

அதே காலத்தில் இன்னொருவர் காலால் நடந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பில் நன். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவர் வார இதழின் விளையாட்டு எழுத்தாளர். மற்ற அணிகள் எட்டிப்பார்க்காத தென்மாநிலக் கறுப்பினக் கல்லூரிகளை அவர் ஆண்டாண்டாக அறிந்தவர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அவரை ஸ்கவுட்டாக எடுத்துக்கொண்டது. அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியின் ஜான் ஸ்டால்வொர்த்தை எல்லோரும் ஈரப் புல்லில் ஓடவிட்டு, வேகம் போதாது என்று கிளம்பிவிட, நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கி, காய்ந்த தரையில் மறுபடி ஓடவிட்டார் என்பது எங்கள் தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1974இல் ஸ்டால்வொர்த்தை நான்காம் சுற்றில் எடுத்தார்கள். அதே டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் எடுத்த சென்டர் மைக் வெப்ஸ்டரும் அவரும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். நன்னும் 2021இல் போனார். அவருடைய தொழிலில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தத் தங்கல்தான். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் இருந்து பார்ப்பது.

2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப்போட்டியை என் மாதிரி ஆட்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பிலடெல்பியா ஈகிள்ஸ் அந்தப் பருவத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை 70 முறை வீழ்த்தியிருந்தது. அன்றிரவு கேன்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. அவருக்கு முன்னால் நின்ற ஐவரில் ஒருவர்கூட முதல் சுற்றில் தேர்வானவர் அல்ல. இடது டேக்கிள் அதே ஆர்லாண்டோ பிரவுன். இடது கார்டு ஜோ தூனி 78ஆவது. சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி 63ஆவது. வலது கார்டு ட்ரே ஸ்மித் 226ஆவது. கல்லூரிக் காலத்தில் நுரையீரலில் ரத்தம் உறைந்ததால் மருத்துவர்கள் தயங்கிய பையன் அவர். வலது டேக்கிள் ஆண்ட்ரூ வைலியை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை.

எதிர்ப்பக்கம் ஈகிள்ஸ் லைனையும் பாருங்கள். சென்டர் ஜேசன் கெல்சி 2011இல் 191ஆவது ஆள். சின்சினாட்டி கல்லூரிக்கு உதவித்தொகை இல்லாமல் வேறு இடத்தில் ஆடப் போய், பிறகு லைனுக்கு மாறியவர். சென்டருக்கு உடம்பு போதாது என்றார்கள். ஆனால் ஈகிள்ஸின் அன்றைய லைன் பயிற்சியாளர் ஹோவர்ட் மட், எடையைவிட வேகமான கால்களைத் தேடியவர். எதிரியை நேருக்கு நேர் தள்ளச் சொல்லும் அணிக்குக் கெல்சி போயிருந்தால் இரண்டு ஆண்டில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இடது டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். 2018இல் 233ஆவதாக எடுக்கப்பட்டபோது இந்த ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடியதில்லை. ஜெஃப் ஸ்டவுட்லண்ட் என்ற பயிற்சியாளர் அவருக்கு நிற்பதிலிருந்து கற்றுக்கொடுத்தார். இரண்டாண்டுகள் ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறக்காமல் காத்திருக்க அந்த அணிக்குப் பொறுமை இருந்தது.

இதையெல்லாம் வைத்து ஸ்கவுட்டுகள் குருடர்கள் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. கேட் மாஸ்ஸி, ரிச்சர்ட் தாலர் என்ற இரு அறிஞர்கள் கணக்குப்போட்டு, ஒரே இடத்துக்கு ஆடுபவர்களில் முன்னால் எடுக்கப்பட்டவன் அடுத்து எடுக்கப்பட்டவனைவிடச் சிறப்பதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்றுத்தான் மேல் என்று காட்டினார்கள். அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒளிந்திருப்பது எங்கள் கண்ணின் குறை மட்டுமல்ல. நல்ல பையன், கெட்ட பையன் என்று எழுதி எண்ணைப் போட்டு முடித்துவிடும் அறிக்கையின் குறை அது. எந்தப் பயிற்சியாளரிடம், எந்த முறை ஆட்டத்தில், எவ்வளவு காலம் காத்திருந்தால் இவன் ஆளாவான் என்பதைச் சேர்த்து எழுதாத அறிக்கை பாதி அறிக்கைதான். அதனால் என் அறிக்கையின் கடைசிப் பத்தி எப்போதும் ஒரு நிபந்தனையோடு வரும். அகலமாக ஓடவிடும் முறையில் முதல் ஆண்டிலேயே ஆடலாம். நேராகத் தள்ளும் முறைக்கு வேண்டாம். அல்லது, கார்டாக மாற்றினால் எடுக்கலாம், டேக்கிளாக என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஏப்ரல் கூட்டத்தில் இந்த நிபந்தனைகளுக்காக நான் குரல் உயர்த்தியிருக்கிறேன். எண்ணைக் குறைத்தால் பேசாமல் இருப்பேன்; நிபந்தனையை வெட்டினால் விடமாட்டேன்.

சனிக்கிழமை மாலை ஏழாம் சுற்று முடியும்போது இன்னொரு வேலை காத்திருக்கும். யாரும் எடுக்காத பையன்கள் இப்போது எந்த அணியோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். வைலி போன்றவர்கள் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். பல அணிகள் ஒரே நேரத்தில் அழைக்கும். ஆகஸ்டிலிருந்து அந்தப் பையனின் பயிற்சிக்குப் போய் நின்ற ஸ்கவுட்டின் குரலுக்கு அப்போது மதிப்பு உண்டு. அழைத்தால் முதலில் எங்கள் அணியில் அந்த இடத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எங்கள் லைன் பயிற்சியாளர் என்ன மாதிரி ஆட்டம் ஆடச் சொல்வார் என்பதைச் சொல்வேன். பிறகு, உன்னுடைய எந்த ஆட்டத்தில் எந்த அடியைப் பார்த்து உன்னை அழைக்கிறேன் என்பதைச் சொல்வேன். சில பையன்கள் நன்றி சொல்லிவிட்டு வேறு அணிக்குப் போவார்கள். அவர்களின் படத்தையும் அடுத்த பருவத்தில் தேடிப் பார்க்கிறேன்.