குண்டு போட்ட வருசம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பாயி தலைமுறைக்கு வருசங்கள் இலக்கத்தில் இருக்கவில்லை. அத்தை "குண்டு போட்ட வருசம்" பிறந்தவர். அவருக்கு அடுத்துப் பிறந்து தங்காமல் போன பிள்ளை "மாவு வந்த பொறகு". சித்தப்பா "வெள்ளத்து வருசத்துப் பிள்ளை". பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார்மாரும் இந்தக் கணக்கை வைத்துத்தான் பிறந்த தேதியைப் போட்டார்கள். வெள்ளம் என்றால் 1947. குண்டு என்றால் 1942.

குண்டு விழுந்தது எங்கள் மலையில் இல்லை, கொழும்பில். ஆனாலும் பொகவந்தலாவையில் ஒரு தலைமுறையே அதைத் தன் வீட்டுச் சம்பவமாக நினைவில் வைத்திருந்தது.

பொகவந்தலாவை மலைகளுக்கு நடுவே கிடக்கிற ஊர். கெசல்கமுவ ஓயா ஊரைத் தொட்டுக்கொண்டு காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு ஓடும். சுற்றிலும் கெம்பியன், கொட்டியாகலை, லொயினோன், கெர்க்கஸ்வோல்ட், டின்சின் என்று தோட்டங்கள். விடியுமுன் வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்பு கேட்கும். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் அடுப்புகளில் கவ்வாத்துக் குச்சியான மிலாறு எரியும் புகையும் பனியும் ஒன்றாகக் கலந்து கூரைத் தகரத்தின் மேல் நிற்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெண்கள் மலைக்கு ஏறுவார்கள். இரவில் மழை விட்டிருந்தால் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்போம். எப்போதாவது ஒரு ஏரப்பிளேன் சிவப்பு விளக்கோடு போகும். அப்போதுதான் அப்பாயிக்குக் கதை வரும்.

"சத்தம் ஒன்னும் கேக்கல. சனம் வந்துச்சு. கொழும்புல இருந்து ரயிலேறி ஹட்டனுக்கு வந்து எறங்கிச்சு. கடைக்காரங்க பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டியாந்து தெரிஞ்சவங்க வீட்ல விட்டாங்க. ராத்திரி வெளக்கு வெளிய தெரியக் கூடாதுன்னு கணக்கப்பிள்ளை லயம் லயமா வந்து சொன்னாரு. ஜன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டோம்."

அந்தச் சாக்குக்குப் பின்னால் இருந்த கதையை நான் வெகு காலம் கழித்துப் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1942 ஏப்ரல் 4ஆம் தேதி மாலை, கொக்கலை வாவியிலிருந்து எழும்பிய கட்டலினா என்ற பறக்கும் படகு, இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதை ஓட்டியவர் லெனார்ட் பிர்ச்சல் என்ற கனடா நாட்டு விமானி. தகவலைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. மூன்று பேர் செத்தார்கள். மிஞ்சிய ஆறு பேர் கைதானார்கள். ஆனால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்புத் துறைமுகத்தின் மேல் 120க்கும் அதிகமான விமானங்கள் வந்தன. அவற்றை எதிர்த்துப் பறந்த ஹரிக்கேன் போர் விமானங்கள் ரத்மலானையிலிருந்தும், கொழும்பு குதிரைப் பந்தயத் திடலை வெட்டி நிரவி அமைத்த ஓடுபாதையிலிருந்தும் எழும்பின. பல திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துத் திருகோணமலைக்கும் அதே கதி. அன்றுதான் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துத் தொடங்கிய முதல் கப்பல் அது. 307 பேர் போனார்கள்.

எங்கள் மலைக்கு இதில் வந்தது குண்டு இல்லை, பசி. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. இலங்கை தான் தின்ற அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து எடுத்த நாடு, அதிலும் பர்மாவை நம்பியிருந்த நாடு. அரிசிக்குப் பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, கோதுமை மா வந்தது. அதுவரை சோறும் கறியும் என்றிருந்த லயத்து அடுப்பில் ரொட்டி ஏறியது. "மொத மொத அந்த மாவப் பாத்தப்ப என்ன செய்யிறதுன்னே தெரியல. கஞ்சி காய்ச்சிப் பாத்தோம், கூழு கிண்டிப் பாத்தோம். கடைசியில கல்லுல போட்டுச் சுட்டோம்" என்பார் அப்பாயி. இன்று ரொட்டியும் கட்டச்சம்பலும் மலையகத்தின் அடையாளம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கும் அது பிடித்த சாப்பாடுதான். அந்தத் தட்டுக்கு வழி திறந்தது பர்மாவில் நடந்த போர்.

ஊருக்குப் போய்விடலாம் என்றாலும் முடியவில்லை. 1939இலேயே இந்தியா, கூலி வேலைக்கு ஆட்கள் இலங்கை வருவதைத் தடுத்துவிட்டது. இங்கிருந்து ஒருமுறை போனால் திரும்பி வர முடியுமா என்ற பயம் எல்லோருக்கும். குண்டுக்குப் பிறகு கொழும்பில் இருந்த இந்தியர்கள் பலர் தலைமன்னார் வழியாக அக்கரைக்கு ஓடினார்கள். தோட்டத்து மக்கள் மலையோடு கிடந்தார்கள். கொழுந்து எடுப்பது நிற்கவே இல்லை. பிரித்தானியாவில் 1940 ஜூலையிலிருந்து ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் தேயிலைதான் கிடைத்தது. அந்த அளவுக்கு அங்கே தேயிலை உயிர்ப்பொருள். அந்த இரண்டு அவுன்ஸ் குறையாமல் போய்ச் சேர உழைத்தவர்களில் எங்கள் அப்பாயியும் ஒருத்தி. போர் வரலாற்றில் இதை எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நேராகத் தெரிந்த விமானம் 1974ஆம் ஆண்டினுடையது. டிசம்பர் 4, இரவு பத்து மணி தாண்டியிருக்கும். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்க வந்த டச்சு நாட்டு மார்ட்டின்எயார் டிசி-8, நோட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 பயணிகள், 9 சிப்பந்திகள். ஒருவரும் பிழைக்கவில்லை. தாங்கள் விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, மலைக்கு மேலேயே தாழ இறங்கிவிட்டார்கள்.

எங்களுக்கு மறுநாள் ஹட்டன் பஸ்ஸில்தான் செய்தி வந்தது. அது எங்கள் வாழ்க்கையில் மோசமான காலம். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. கூப்பன் அரிசி குறைந்துபோய், மாவும் கிடைக்காமல், மலையில் முளைத்த கீரையையும் கிழங்கையும் தேடித் திரிந்த நாட்கள். டவுனில் கடை வாசல்களில் தோட்டத்துக் கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செத்தவர்களும் உண்டு. அந்த வயிற்றோடுதான் நோட்டன் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் மழையிலும் பனியிலும் அந்தப் பாறை மலைக்கு ஏறினார்கள். முன்பின் தெரியாத நாட்டு மனிதர்களின் உடல்களைத் துணியில் கட்டித் தூக்கி வந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். அங்கே உறவு வைத்திருந்த என் மாமா ஒருவர் போய்வந்து எங்கள் காம்பராவில் உட்கார்ந்தார். வெறுந்தேத்தண்ணி குடித்தார், ஒன்றும் பேசவில்லை. அப்பாயி அவரைப் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு வருசமாப் போச்சு" என்றார்.

அந்த வார்த்தை சரியாகப் போயிற்று. பிறகு எங்கள் பக்கத்தில் "பிளேன் விழுந்த வருசம்" என்று ஒரு கணக்கு வந்தது. நோட்டன் பிரிட்ஜில் இன்று அந்த விபத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. செத்தவர்களுக்கு அது உரியது. தூக்கி வந்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை.

பல வருசம் கழித்து, மகளின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குப் போனேன். 1935இல் திறந்த இலங்கையின் முதல் விமான நிலையம் அந்த இடம்தான். 2009இல் நூதனசாலையை முறையாகத் திறந்துவைத்தார்கள். 1951 மார்ச் 2ஆம் தேதி ரோயல் சிலோன் விமானப்படை தொடங்கியபோது முதலில் வந்த சிப்மங்க் என்ற சிறிய பயிற்சி விமானத்தை அங்கே பார்த்தேன். ஜெட் புரோவோஸ்ட் நிற்கிறது. 1971 கிளர்ச்சியின்போது பறந்த ரகம். பொல்டன் போல் பாலியல் என்ற விமானத்தின் முன்னால் நெடுநேரம் நின்றேன். உலகத்தில் முழுசாக மிஞ்சியிருக்கும் பாலியல்கள் மிகச் சில. பிரித்தானியாவிலிருந்தே அதைப் பார்க்க ஆட்கள் இங்கே வருவதில் நியாயம் இருக்கிறது. அதன் மூக்குக்குள் இருப்பது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜின். 1942 ஈஸ்டர் காலையில் பந்தயத் திடலிலிருந்து எழும்பிய ஹரிக்கேன்களின் உள்ளேயும் அதே மெர்லின் குடும்பம்தான் உறுமியது. அந்தத் திடலில் இப்போது கடைகள். இந்த என்ஜின் மட்டும் எண்ணெய் பூசிய உலோகமாக, தூசு தட்டி, பெயர்ப்பலகையோடு இருக்கிறது. பேரன் அதன் இறக்கையைத் தொடப் பார்த்தான். காவலுக்கு நின்ற விமானப்படைப் பையன் அவனைத் தூக்கி அருகில் காட்டினான்.

நான் அந்தப் பாதுகாப்பை மதிக்கிறேன். ஈரக்காற்றும் உப்பும் தின்கிற நாட்டில் அலுமினியத்தையும் மரத்தையும் இப்படி நிறுத்தி வைப்பது லேசான வேலை இல்லை. பிரித்தானிய விமானப்படை 1957இல் கட்டுநாயக்கவையும் சீனக்குடாவையும் ஒப்படைத்துவிட்டுப் போனது. அதன் பிறகு அந்தப் பழசை இலங்கைக்காரர்களே தங்கள் சொத்தாக நினைத்துக் காத்தார்கள். கடலுக்கடியில் ஹெர்மிஸையும் யாரும் மறக்கவில்லை. மட்டக்களப்பில் சுழியோடிகள் அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள். கண்டியில் உள்ள யுத்த மயானத்தில் புல் வெட்டாமல் ஒரு வாரம் போவதில்லை. எங்கள் பொகவந்தலாவையிலேயே சென் மேரிஸ் தேவாலயத்து முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கமாகியிருக்கிறார். 1879இல் இறந்த, பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர். அவர் கல்லறையைத் தேடி வெள்ளைக்காரர்கள் வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் இலங்கையில் எடுத்த படங்கள் வெளிநாட்டு நூதனசாலைகளில் இருக்கின்றன. படத்தில் நிற்கும் எளிய மனிதர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. எடுத்தவர் பெயர் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது இதுதான். விமானத்துக்குத் தொடர் இலக்கம் இருக்கிறது, என்ஜினுக்கு இலக்கம் இருக்கிறது, அணிக்கு இலக்கம் இருக்கிறது: 30, 258, 261 என்று. அந்த விமானங்கள் பறந்த வருசத்தில் இந்த நாட்டின் வருமானத்தைத் தலையில் கூடை கட்டித் தூக்கிய பெண்களுக்குச் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் ஓர் இலக்கம் இருந்தது. அந்தச் செக்ரோல் புத்தகங்கள் எத்தனை தோட்டத்து ஸ்டோர்களில் கறையான் தின்று போயின! போர்க்காலத்தில் தோட்டம் எப்படிச் சாப்பிட்டது, எப்படி விளக்கணைத்தது, யார் எந்த டிவிசனில் மாவுப் பங்கீடு எழுதினார் என்பதெல்லாம் வாய்க்கதையாகத்தான் இருந்தது. அப்பாயி போல ஒவ்வொருவராகப் போகப் போக, கதையும் கூடவே போகிறது. ரத்மலானையில் அந்த மெர்லினுக்குப் பக்கத்தில் ஒரு கோதுமை மாக் கூப்பனும் ஒரு கொழுந்துக் கூடையும் வைத்தால் வரலாறு குறைந்துவிடாது. கொழும்பைக் காத்த போரில் மலையும் இருந்தது என்று பார்க்க வருகிற பிள்ளைகளுக்குத் தெரியும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையே சீர்செய்து 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாகத் திறந்தார்கள். காம்பரா காம்பராவாகப் போய்ப் பார்த்தால் அம்மியும் கம்பளியும் கவ்வாத்துக் கத்தியும் இருக்கும். எங்கள் ஆட்கள் பலர் அந்த வாசலில் நின்று அழுதிருக்கிறார்கள். விமானம் பார்க்கப் போகிற பயணத்தில் ஒரு நாளை அதற்கும் ஒதுக்குங்கள். பள்ளிக்கூடங்கள் ரத்மலானைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பஸ்ஸை கம்பளைக்கும் ஒருமுறை திருப்பலாம்.

பொகவந்தலாவையிலோ நோர்வூட்டிலோ மஸ்கெலியாவிலோ உங்கள் வீட்டில் தொண்ணூறைத் தொட்ட ஒருவர் இன்னும் இருந்தால், இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது கைத்தொலைபேசியை அவர் முன்னால் வைத்துப் பேச விடுங்கள். குண்டு போட்ட வருசம் எங்கே இருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், யார் கணக்கப்பிள்ளை என்று கேளுங்கள். ஏழு கன்னியர் மலைக்கு ஏறியவர்கள் இன்னும் எழுபதுகளில் இருப்பார்கள். அவர்களையும் தேடிக் கேளுங்கள். பெயர், தோட்டம், டிவிசன் மூன்றையும் தவறாமல் எழுதுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். ஒன்றை அந்த லயத்து நூதனசாலைக்குக் கொடுங்கள், இன்னொன்றை ரத்மலானைக்கு அனுப்புங்கள்.