மூடி சரியில்லை பாஸ்!

ஈ.சி.ஆர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பைக், பீச், முட்டுக்காடு போட்டிங், கையில காசிருந்தா மாமல்லபுரம் வரைக்கும் ஒரு ரவுண்டு... அதானே? எனக்கு இப்போ ஞாபகம் வர்றது ஒரு மண்பானையும், அதோட வாயைக் கட்டியிருந்த துணியும்தான். ஏன்னு கேக்கறீங்களா? கொஞ்சம் சோகமான ஃப்ளாஷ்பேக் இருக்கு, பொறுத்துக்கங்க.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. மழை பிச்சுக்கிட்டு ஊத்தின ஒரு ராத்திரி, எங்க ஹாஸ்டல் பாத்ரூமுக்குள்ள ஒரு பாம்பு புகுந்துடுச்சு. ஆறடி இருக்கும். வாளியை விட்டுட்டு சோப்பு நுரையோட ஓடி வந்த சீனியரைப் பார்த்து ஹாஸ்டலே சிரிச்சது தனிக் கதை. வனத்துறைக்கு போன் போட்டோம். அவங்களோட சேர்ந்து பாம்பு மீட்கிற அண்ணன் ஒருத்தர் வந்தார். "சாரைப்பாம்பு தம்பி, விஷம் கிடையாது. எலியைத் தின்னுட்டுப் போற ஜீவன்" என்று சொல்லிக்கொண்டே லாகவமாகப் பிடித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவருக்கு இன்னொரு போன். பக்கத்து ஏரியாவில் ஒரு வீட்டுக்குள் நல்ல பாம்பு! கையில் இருந்ததோ ஒரே ஒரு பை.

"காலையில வண்டியோட வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் பத்திரமா மூடி வைங்க தம்பி."

மூடுறதுதானே? மெக்கானிக்கல் பசங்க கிட்டயா சொல்றீங்க! ஹாஸ்டல் ஸ்டோர் ரூமில் மூணடி நீளத்துக்கு ஒரு பழைய மீன் தொட்டி கிடந்தது. அதில் பாம்பை விட்டார். நாங்க ஒரு மெல்லிய பிளைவுட்டை அளவா அறுத்து, காத்துக்கு ஓட்டை போட்டு, மேல வச்சு, நடுவுல ரெண்டு செங்கல்லையும் ஏத்தினோம். "யானையே தள்ளினாலும் நகராதுடா மச்சி" என்று நான்தான் சர்ட்டிஃபிகேட் கொடுத்தேன்.

காலையில் செங்கல் இருந்தது. பிளைவுட் இருந்தது. பாம்பு இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு, மெஸ்ஸுக்குப் பின்னால விறகுக் குவியல்ல யாரோ அதைப் பார்த்துட்டாங்க. 'ஹாஸ்டல்ல தப்பிச்ச பாம்பு'ன்னு ஏற்கெனவே பீதி கிளம்பியிருந்தது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள கம்பும் கடப்பாரையும் வேலையை முடிச்சிருந்தது. யாரையும் திட்ட எனக்கு வாய் வரலை. பிடிச்சவர் ஒழுங்கா பிடிச்சார். ஒழுங்கா மூடாதவன் நான். அந்த அண்ணன் வந்து பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார். "மூடியைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா வடநெம்மேலிக்குப் போ தம்பி."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூரில் மாமல்லபுரம் பஸ் ஏறினேன்.

முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை எல்லாம் தாண்டினால் இடப்பக்கம், கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-ல் ரோமுலஸ் விட்டேகர், ஸாய் விட்டேகர் தம்பதியும் நண்பர்களும் ஆரம்பித்தது. ஸ்கூல் டூரில் நீங்களும் வந்திருப்பீங்க. வாயைப் பிளந்துகிட்டு சிலை மாதிரி கிடக்கும் முதலைகளைப் பார்த்து 'நிஜமா, பொம்மையா?'ன்னு பந்தயம் கட்டியிருப்பீங்க. ஆனா, அதே வளாகத்துக்குள்ள இருக்கிற இன்னொரு இடத்தைப் பல பேர் பார்க்காமலே திரும்பிடறாங்க. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். தனி டிக்கெட் எடுத்து உள்ளே போகணும்.

சின்ன ஹிஸ்டரி, கொட்டாவி விடாம கேளுங்க. ஒரு காலத்தில் இருளர்கள் பாம்புத் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடையானது. பாம்பு பிழைத்தது, இவர்களின் பிழைப்பு போனது. கையில் இருந்த வித்தையை உயிர் காக்கும் வேலையாக மாற்றத்தான் 1978-ல் இந்தச் சங்கம் பிறந்தது. வனத்துறை அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டு மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் மூலப்பொருள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இந்தச் சின்ன இடம் எவ்வளவு பெரிய வேலை பார்க்குதுன்னு இப்போ புரியுதா?

சரி, அத்தனை விஷப் பாம்பையும் எதில் வைத்திருக்கிறார்கள்? கண்ணாடிப் பெட்டி? இரும்புக் கூண்டு? ம்ஹூம். மண்பானை! வரிசையாகப் பானைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பருத்தித் துணி, சுற்றி ஒரு கயிறு. அவ்வளவுதான் செக்யூரிட்டி. எனக்குத் தலை சுத்திடுச்சு. ரெண்டு செங்கல்லால முடியாததை ஒரு முழத் துணி எப்படிச் செய்யுது?

விஷம் எடுத்துக் காட்டி முடிந்ததும், அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் தயங்கித் தயங்கி என் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி.

"மூடியை எதோட கட்டுன தம்பி?"

"கட்டலை ஐயா. மேல கனம் வச்சேன்."

"கனம் வச்சா அது மூடி இல்லப்பா. சும்மா மேல கெடக்குற பலகை. பாம்புக்கு ராத்திரி முழுக்க வேற வேலை என்ன? மூக்கால ஓரம் ஓரமா முட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கும். எங்க கொஞ்சம் அசையுதோ அங்கேயே திரும்பத் திரும்ப முட்டும்."

பிறகு ஒரு காலிப் பானையை எடுத்து வைத்துக் காட்டினார். இப்போ கொஞ்சம் இன்ஜினீயரிங் பேசிக்கலாமா? பானைக்கு உள்ளே மூலையே கிடையாது. பாம்பு உடம்பை அண்டக் கொடுத்து மேலே ஏற வசதியில்லை. என் மீன் தொட்டிக்கோ நாலு மூலை! துணியை முட்டினால் அது லேசாக வளைந்து கொடுக்கும். மூக்கை நுழைத்து நெம்ப ஓரம் கிடைக்காது. கயிறு இருப்பது பானையின் விளிம்புக்குக் கீழே, கழுத்தில். உள்ளேயிருந்து முட்ட முட்ட, கட்டு அந்த விளிம்பில் போய் இன்னும் இறுகும். காத்து தாராளமா போகும், மண்பானை உள்ளே குளுமையாவும் வச்சிருக்கும்.

என் மூடியோ? ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் பேப்பரில் நானே எழுதிய கணக்கு. நடுவில் 6 கிலோ வைத்தால், ஒரு பக்க விளிம்பைத் தூக்க 3 கிலோ விசை போதும். அதிலும் மெல்லிய பிளைவுட் என்றால் செங்கல் அசையாமலே மூலை மட்டும் வளைந்து வழி விட்டுவிடும். அரியர் இல்லாம பாஸ் பண்ண பேப்பர் பாஸ் அது!

இங்கே நின்னுக்கிட்டு ஒரு அமெரிக்கக் கதையும் சொல்லியே ஆகணும். பர்மிய மலைப்பாம்பு நம்ம ஆசியாக்காரர். ஃப்ளோரிடாவுக்குப் போனது செல்லப் பிராணியாக. வளர்த்தவர்களிடமிருந்து தப்பியவையும், 'வளர்த்து மாளலை'ன்னு கொண்டு போய் விடப்பட்டவையும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டன. அங்கே ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2017-ல் அந்த மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க அமெரிக்கர்கள் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? இதே சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்! முதல் எட்டே நாளில் 13 மலைப்பாம்புகள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அங்கே யார் யாரோ சரியா மூடாத கூண்டுகளுக்கு, துணியும் கயிறும் வச்சிருக்கிற நம்ம ஊர்க்காரங்க போய் வேலை பார்த்திருக்காங்க.

திரும்பி வந்து ஒரு மாசத்தில் அதே மீன் தொட்டிக்குப் புது மூடி செய்தேன். தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் ரெண்டு இன்ச் கீழே இறங்கும் ரீப்பர் சட்டம். ரெண்டு சட்டத்துக்கு நடுவே பொடிக்கண் ஸ்டீல் வலை. கம்பி முனை எதுவும் உள்ளே நீட்டக் கூடாது, பாம்பின் மூக்கு கிழிந்துவிடும். சுற்றிலும் பென்சில் முனையை விட்டுப் பார்த்தேன். அது நுழையும் இடமெல்லாம் குட்டிப் பாம்புக்கு ராஜபாட்டை. நாலு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கி, பெருமையோடு அந்த அண்ணனிடம் கொண்டு போனேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. பாம்பை உள்ள விட்டுட்டு நாலு போல்ட்டையும் முடுக்கற வரைக்கும் அது சும்மா இருக்குமா தம்பி?"

பல்பு! போல்ட்டைக் கழற்றிவிட்டு, பழைய டிரங்க் பெட்டியில் வருமே, தட்டினால் மாட்டிக்கொள்ளும் கொக்கி, அதை நாலு பக்கமும் பொருத்தினேன். பானைக் கயிறும் சட்டுனு கட்டுற முடிச்சுதான். அங்கே பார்த்தும் எனக்கு உறைக்கலை.

ஒரு விஷயம் ஃப்ரெண்ட்ஸ். இதைப் படிச்சுட்டு யாரும் பாம்பு பிடிக்கக் கிளம்பிடாதீங்க. நம்ம ஊர்ப் பாம்பைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டுப் பாம்பு வளர்ப்பவர்களும் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். உங்க ஹாஸ்டலுக்குள் பாம்பு வந்தால் தள்ளி நின்று, அது எங்கே போகுதுன்னு கண் வைங்க. வனத்துறைக்குச் சொல்லுங்க. கம்பைத் தேடாதீங்க. அப்படியே வடநெம்மேலிக்கு ஒரு நாள் போய்ட்டு வாங்க. முதலையை மட்டும் பார்த்துட்டுத் திரும்பாதீங்க.

போன வாரம் ராத்திரி பத்தரைக்கு அண்ணனிடமிருந்து போன். "ஒரு சாரை இருக்கு. காலை வரைக்கும் வைக்கணும். உன் மூடி ஃப்ரீயா?"

அந்த ராத்திரி நான் நாலு தடவை எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். அது ஓரம் ஓரமாக முட்டிக்கொண்டே இருந்தது. காலையில் வனத்துறை வண்டி வந்தபோது, தொட்டிக்குள் சுருண்டு படுத்திருந்தது. நாலு கொக்கியையும் நானே திறந்துவிட்டேன்.