டாலிகஞ்சிலிருந்து டிக்லிப்பூர் வரை

அந்தமானில் வந்து குடியேறிய நம்மவருள், பத்துப் பதினைந்து ஆண்டுகள் போர்ட் பிளேரில் வாழ்ந்தும் பாராடாங்குக்கு அப்பால் கால் வைக்காதவர் பலர். விடுமுறை கிடைத்தால் கப்பலிலோ விமானத்திலோ சென்னைக்குப் போவதும், அங்கிருந்து மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் திருநெல்வேலிக்கும் சென்று மீள்வதுமே நம் பயணமாகிவிட்டன. நாம் உண்டு உறங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் இத்தீவுகளின் வடபகுதி, நமக்குப் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் வரைபடமாகவே இருக்கிறது. இந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள எண்ணி, பிப்ரவரி மாதத்தில் ஆறு நாள் விடுப்பெடுத்து, டாலிகஞ்சிலிருந்து டிக்லிப்பூர் வரை சாலை வழியே சென்று வந்தேன். அந்த அனுபவத்தை நம் இதழ் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். (2024 செப்டம்பரில் நம் நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. பழக்கம் கருதிப் பழைய பெயரையே எழுதுகிறேன், ஆசிரியர் பொறுத்தருள்க.)

அடியேன் இரயில்வே எழுத்தன். இரயிலே ஓடாத தீவில் இரயில் பயணச்சீட்டு எழுதித் தருபவன். கடல் கடந்து சென்னையில் இறங்கியபின் ஏறவேண்டிய வண்டிக்கு இங்கேயே இடம் பதிவு செய்துகொள்ள மக்கள் வருகிறார்கள். "டிக்லிப்பூருக்கு எப்போது சார் இரயில்?" என்று வேடிக்கையாகக் கேட்பவரும் உண்டு. வேடிக்கை முழுதும் வேடிக்கையன்று. போர்ட் பிளேருக்கும் டிக்லிப்பூருக்கும் இடையே 240 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை போடுவது பற்றி 2017ஆம் ஆண்டில் பெரிதாகப் பேசப்பட்டது. போட்ட முதலே திரும்பாது என்று கணக்குச் சொல்லியும் திட்டத்துக்கு இசைவு கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதன்பின் ஒரு தண்டவாளமும் வந்து இறங்கவில்லை. ஆகவே இன்று நமக்கு உள்ள தரைவழி, அந்தமான் நெடுஞ்சாலை ஒன்றே.

துணைக்கு என் மனைவியின் தம்பி வந்தான். டாலிகஞ்ச் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவன். எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டான். மோகன்புரா நிலையத்திலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்ட பேருந்தில் நாங்கள் வழியில் ஏறிக்கொண்டோம். எங்கும் இருள். பெரார்கஞ்சைக் கடக்கும்போது கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியது. ஜிர்காடாங் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. பேருந்துகளும் சுற்றுலாக் கார்களும் காய்கறி லாரிகளுமாக ஒன்றன்பின் ஒன்றாய் நின்றதைப் பார்த்தபோது, பெரிய சந்திப்பு நிலையத்தில் கைகாட்டிக்காகக் காத்து நிற்கும் சரக்கு வண்டிகள் என் நினைவுக்கு வந்தன. அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிந்த பிறகு, காலை ஆறு மணிக்கு முதல் அணி புறப்பட்டது. முன்னும் பின்னும் காவல் வண்டிகள். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகலாகாது, ஒரு வண்டி மற்றொன்றை முந்தலாகாது, நடுவழியில் நிற்கலாகாது, படம் எடுக்கலாகாது, உணவோ வேறு பொருளோ கொடுக்கலாகாது.

இத்தனை கட்டுப்பாடும் எதற்கு என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அங்கிருந்து நடு நீரிணை வரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தூரம், சாலை ஜாரவா மக்களின் காட்டைப் பிளந்துகொண்டு செல்கிறது. நாமெல்லாம் கப்பலேறி வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வேட்டையாடியும் மீன் பிடித்தும் தேன் எடுத்தும் இத்தீவுகளில் வாழ்ந்து வருபவர்கள் அவர்கள். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் என்று குறிப்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமை ஓராயிரம் ஆண்டு வயதுடையது; இவர்களின் வாழ்க்கைக்கு முன் அது நேற்றைய செய்தி. பழங்குடியினர் பாதுகாப்புக்கென 1956ஆம் ஆண்டிலேயே ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. ஆயினும் 1970களில் அதே காட்டின் நடுவே சாலை போடப்பட்டது. தங்கள் நிலத்தில் மரம் விழுவதைக் கண்ட ஜாரவர் அம்பு தொடுத்தனர். சாலைக் கூலியாட்கள் மாண்டதும் உண்டு. காவலோடு வேலை நடந்து, 1980களின் இறுதியில் சாலை முழுதும் திறந்தது.

கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞன் ஒருவனை 1996இல் போர்ட் பிளேர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து குணப்படுத்தி அனுப்பினார்கள். மறு ஆண்டின் இறுதியில் ஜாரவர் ஆயுதமின்றி வெளியே வரத் தொடங்கினர். பகை நீங்கியது, நோய் புகுந்தது. 1999இல் அவர்களிடையே மணல்வாரி அம்மை பரவியது. நமக்கு ஒரு வாரக் காய்ச்சலாகப் போவது, அதை அறியாத உடம்புக்கு யமனாகலாம். 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், காட்டை ஊடறுக்கும் பகுதிகளில் சாலையை மூடுமாறு ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012 சனவரியில், உணவுக்காக ஜாரவப் பெண்களை ஆடச் சொல்லும் படக்காட்சி ஒன்று வெளியாகி உலகமே காறி உமிழ்ந்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் சுற்றுலா வண்டிகளைச் சில வாரங்கள் தடுத்து வைத்தது. பிறகு தடை நீங்கியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜாரவர் தொகை 380. நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குக்கூட அதைவிடக் கூட்டம் வரும்.

வண்டி காட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. குர்ஜன் மரங்கள் இருபுறமும் வானளாவி நின்றன. படாக் மரத்தின் வேர்கள் பலகை பலகையாகப் பரந்திருந்தன. மரத்தின்மேல் கொடி, கொடியின்மேல் பாசி. நிலத்தை வெயில் தொடுவதே இல்லை. முன்னால் சென்ற சுற்றுலா வண்டியில் இருந்தவர்கள் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு வலமும் இடமும் தேடிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் மரத்தைத் தேடவில்லை என்பது வெளிப்படை. மனிதரைப் பார்க்க மனிதர் இவ்வாறு காட்டுக்குள் வருவது எனக்கு அருவருப்பாக இருந்தது. எங்கள் வண்டி போன வேளையில் சாலையோரம் ஒருவரும் தென்படவில்லை. அதுவே நல்லது என்று எண்ணினேன்.

அவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கையில் பக்கத்து இருக்கை மூதாட்டி பேச்சுக் கொடுத்தார். சிவகங்கைப் பக்கத்தவர், மணமாகி வந்த நாள் முதல் டிக்லிப்பூர் வாசி. சிறுநீரகக் கோளாறுக்காகப் போர்ட் பிளேருக்கு வந்து காட்டிவிட்டுத் திரும்புகிறார். மடியில் மருந்துப் பொட்டலம்.

"இந்த ரோட்டை மூடணும்னு சொல்றாங்களாமே தம்பி, நெசமா?" என்று கேட்டார்.

"வெகு நாளாகச் சொல்கிறார்கள், அம்மா."

"அந்தக் காட்டு சனங்களும் பாவம்தான். ஆனா மூடிட்டா நான் எதுல வர்றது? கப்பலுக்குச் சீட்டுக் கெடைக்கணும், கடலும் அடங்கியிருக்கணும். எனக்கு நோவு கடலைக் கேட்டுக்கிட்டா வருது?"

எனக்கு விடை தெரியவில்லை. பயணம் முடிந்து பல நாள் யோசித்த பிறகு எனக்குத் தோன்றுவது இது. இந்தச் சாலையால் நேரும் கேட்டில் பெரும்பங்கு மூதாட்டியால் நேர்வதன்று. வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தால் நேர்வது. சுற்றுலாக்காரருக்குப் பாராடாங் செல்லக் கடல்வழி உண்டு. அவர்கள் அவ்வழியே போகட்டும். நோயாளிக்கும் மாணவனுக்கும் அரிசி மூட்டைக்கும் சாலை இருக்கட்டும். வடபகுதியில் நல்ல மருத்துவமனையும் தவறாத கப்பலும் அமைந்துவிட்டால் அவர்களுக்கும் இச்சாலை வேண்டியிராது. அதுவரை, ஊரிலிருந்து வரும் உறவினரை ஜாரவரைக் காட்டுகிறேன் என்று அழைத்துப்போகும் வழக்கத்தை நம் குடும்பங்கள் விட்டொழிப்பது நம் கையில்தான் இருக்கிறது.

நடு நீரிணையில் பேருந்தோடு படகேறினோம். அலையாத்திக் காடுகள் இருகரையும் பச்சைச் சுவராய் நிற்க, முதலை எச்சரிக்கைப் பலகைகள் நம்மை வரவேற்கின்றன. பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் அன்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள், விவரிக்கவேண்டா. எரிமலை என்று பெயர் இருந்தாலும் அங்கே நெருப்பில்லை. பூமிக்குள்ளிருந்து வாயு தள்ள, குளிர்ந்த சேறு குமிழியிடுகிறது. 2004 டிசம்பர் பூகம்பத்தின்போது அது சீறிப் பாய்ந்ததாம். பாராடாங்கின் மறுகரையில் முன்பெல்லாம் மீண்டும் ஒரு படகுக்குக் காத்திருக்கவேண்டும். இப்போது ஹம்ஃப்ரி நீரிணையின்மேல் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் ஆசாத் ஹிந்த் பாலம் நிற்கிறது. வண்டி ஐந்து நிமிடத்தில் நடு அந்தமானை அடைந்தது.

அதன்பின் நாடே மாறிவிடுகிறது. கதம்தலாவைத் தாண்டினால் நெல்வயல், வாழை, பாக்கு, குளம், குளத்தில் வாத்து. கிழக்கு வங்காளத்திலிருந்து 1949 முதல் குடியமர்த்தப்பட்ட அகதிகள் தாம் இழந்த ஊரை இங்கே மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரங்கத்தில் உணவுக்கு நின்றோம். மீன் குழம்பு நன்று. இட்லியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

பில்லிகிரவுண்டைக் கடந்து வெகுதூரம் வந்தபோது பின்சக்கரம் வெடித்தது. சாலை வேலை நடக்கும் இடம். செம்மண் சேறு கணுக்கால் அளவு. மாற்றுச் சக்கரம் இருந்தது. தூக்கும் ஜாக்கியோ சேற்றில் புதைந்து போயிற்று. ஓட்டுநரும் என் மைத்துனனும் கல்லும் மரக்கட்டையுமாக அடுக்கிப் பார்த்தார்கள். அருகிலிருந்த குடிசையிலிருந்து வயோதிகர் ஒருவர் இரண்டு பேரன்மாரோடு கனத்த பலகை ஒன்றைச் சுமந்து வந்தார். சோட்டா நாகபுரியிலிருந்து மரம் வெட்ட வந்தவர்களின் வழித்தோன்றல். ராஞ்சிக்காரர் என்று இங்கே அழைப்பார்கள். இத்தீவுகளின் சாலையிலும் காட்டு வேலையிலும் அவர்கள் சிந்திய வியர்வைக்கு அளவில்லை. அதற்கேற்ற நிலமோ மதிப்போ அவர்களுக்குக் கிட்டவில்லை என்பது என் கருத்து. இரண்டு மணி நேரத்தில் சக்கரம் ஏறியது. கொடுத்த பணத்தை முதியவர் வாங்கவில்லை. மூதாட்டி நீட்டிய வெற்றிலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மாயாபந்தர்ப் பக்கத்து வெபி என்ற ஊரில் 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் வாழ்கிறார்கள். நேரமின்மையால் அதைக் காண இயலவில்லை. அந்தி மயங்கும் வேளையில் செங்கப்பா பாலத்தின் வழியாக வட அந்தமானுக்குள் புகுந்து, இரவு எட்டரை மணிக்கு டிக்லிப்பூர் சேர்ந்தோம். மூதாட்டி எங்களை விடுதிக்குப் போக விடவில்லை. அவர் மகன் வீட்டில் சுடுசோறும் புளிக்குழம்பும் கிடைத்தன. நான்கு நாளும் அங்கேயே தங்கினோம்.

மறுநாள் சாடில் சிகரம் ஏறினோம். 732 மீட்டர் உயரம். அந்தமான் தீவுகளில் இதுவே உச்சி. கொடைக்கானலைக் கண்டவருக்கு இது ஒரு மலையா என்று தோன்றும். தஜிகிஸ்தானத்துப் பாமீர் சாலையில் 4,655 மீட்டர் உயரத்துக் கணவாயை வண்டியிலேயே கடப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இங்கே வண்டி உதவாது. அலை நனைக்கும் மணலிலிருந்து முழு உயரத்தையும் காலாலேயே அளக்கவேண்டும். லாமியா விரிகுடாவில் பெயர் பதிந்து, வழிகாட்டியோடு விடியலில் நடந்தோம். முதலில் கடலோரக் கூழாங்கல், பிறகு காடு, பிறகு செங்குத்து. வேரைப் பற்றி ஏறி வேரைப் பற்றி இறங்கும் வழி. போக எட்டுக் கிலோமீட்டர், வர எட்டு. அட்டைக்கு மைத்துனன் கொண்டு வந்திருந்த உப்பு பாதிவழியில் தீர்ந்துவிட்டது. உச்சியில் மேகம் மூடியிருந்தது. கால் மணி நேரம் கழித்து அது விலகவும், கிழக்கே கடலும் வடக்கே டிக்லிப்பூர் வயல்களும் ஒரே பார்வையில் விரிந்தன. அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அத்தான், இதை விட்டுவிட்டா நாம் வருஷா வருஷம் சென்னைக்கு ஓடுகிறோம்?" என்றான்.

அம்மலையில் பிறந்து வடக்கே ஓடுவதுதான் கல்பாங் ஆறு. அதைத் தடுத்துக் கட்டிய நீர்மின் நிலையம் 2001 முதல் இயங்குகிறது. மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 5.25 மெகாவாட். டீசல் கப்பலில் வந்தால்தான் விளக்கெரியும் தீவுகளில் இது சிறிய செய்தியன்று. தேங்கிய நீர் ஏரிபோல் பச்சையாய்க் காட்டுக்குள் கிடக்கிறது. மைத்துனனை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடாயிற்று.

ஏரியல் விரிகுடாவிலிருந்து படகில் ராஸ், ஸ்மித் தீவுகளுக்கும் போனோம். போர்ட் பிளேர் எதிரே இருந்து 2018இல் நேதாஜியின் பெயர் பெற்ற ராஸ் தீவு வேறு. இங்கே இரு தீவுகளையும் ஒரு மணல் திட்டு இணைக்கிறது. நீர் வற்றும் வேளையில் நடந்தே கடக்கலாம். இரவில் காலிப்பூர்க் கடற்கரையில் காவலரோடு காத்திருந்து, ஆமை ஒன்று மணலைத் தோண்டி முட்டையிட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பியதைக் கண்டோம். நால்வகைக் கடலாமைகள் வரும் கரை அது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வோர் காணலாம். கைவிளக்கு அடிக்கக் கூடாது.

திரும்புவதற்குச் சாலை வேண்டாம் என்று முடிவு செய்து கப்பலுக்குச் சீட்டு வாங்கினோம். மூதாட்டி சொன்னது மெய்தான்; இரண்டு நாள் வரிசையில் நின்ற பிறகே கிடைத்தது. மாலையில் ஏரியல் விரிகுடாவை விட்டுப் புறப்பட்ட கப்பல், மறுநாள் காலை பீனிக்ஸ் விரிகுடாவில் எங்களை இறக்கியது. மூதாட்டி தம் அடுத்த மாதத்து மருந்துச் சீட்டை என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதை வாங்கி டிக்லிப்பூர்ப் பேருந்தில் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குப் பணியில் அமர்ந்தேன்.