கல்லாவும் காதும்

நண்பன் ஒருவனின் ஆய்வுக்காக, லூமினேட் என்கிற அமெரிக்க இசை விற்பனைத் தரவுத்தளத்தைச் சில இரவுகளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். (பகலில் பாங்கு லெட்ஜர்.) 1991 மே வரை பில்போர்டின் ஆல்பப் பட்டியல், கடைக்காரர்களை டெலிபோனில் விசாரித்துத் தயாரானது. எது அதிகம் விற்றது என்று அவர்கள் சொன்னதே கணக்கு. அந்த மாதம் கல்லாவில் பதிவான எண்ணிக்கை வந்தது. கன்ட்ரியும் ராப்பும் மேலேறின. ஜூனில் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம் முதலிடம். வாங்கியவர்கள் முன்பும் இருந்தவர்கள்தாம்.

எண்களை இளக்காரமாகவே எழுதிவந்தவன் நான். 'இதை யார் படிக்கிறார்கள்' என்று எத்தனை புத்தகங்களை ஒதுக்கியிருக்கிறேன்! என்னிடம் எந்தக் கல்லா இருந்தது?

ஆனால் 2014ல் 1500 ஸ்ட்ரீம் ஒரு ஆல்பத்துக்குச் சமம் என்று வகுத்தார்கள். சிலர் மீண்டும் மீண்டும் கேட்டு உழன்றதும், 1500 பேர் ஆளுக்கொரு தடவை அசிரத்தையாகக் கேட்டதும் அந்தக் கட்டத்தில் ஒரே எண். அந்தச் சிலரைத் தேடித்தான் நான் உள்ளே நுழைந்திருந்தேன்.