முகம் தெரியுமா, சுவாமி?



கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நின்றபோது குறைந்தது பத்துப் பேராவது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். மண்டபத்துக்கு எந்தப் புரொஜெக்டர் வாங்கப் போகிறோம்? தம்பியொருவர் கொண்டுவந்த, கையில் தூக்கிச் செல்லக்கூடிய அந்தச் சிறிய கருவியையே வாங்கிவிடலாமே, ஏன் தாமதம்? எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னேன். இது உங்கள் பணம். முதியோர் மன்றத்து அம்மாமார் எட்டு மாதமாக ஞாயிறுதோறும் றோலும் வடையும் விற்றுச் சேர்த்த 640 பவுண். ஆகையால் கணக்கும் காரணமும் சொல்லவேண்டியது என் கடமை. அதற்குமுன் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்ற நவம்பரில் இறந்தோரை நினைவுகூர்ந்த அந்தப் பிற்பகலை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உங்கள் வீடுகளிலிருந்து வந்த 47 நிழற்படங்களை மண்டபச் சுவரில் காட்டுவதாக அறிவித்திருந்தேன். அதற்கென எவரையும் கலந்துகொள்ளாமல் இணையத்தில் 70 பவுணுக்கு ஒரு கருவியை வாங்கினேன். ‘9,000 லூமென்’ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது. எண் பெரிது, விலை சிறிது என்று மகிழ்ந்தேன். அன்று மண்டபத் திரைச்சீலைகளுக்கு ஊடாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. முதியவர்கள் தடுமாறி விழக்கூடும் என்பதால் விளக்குகளை முழுவதும் அணைக்கவும் முடியவில்லை. சுவரில் விழுந்தவை சாம்பல் நிறக் கறைகளாகவே இருந்தன.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு எழுந்து சுவரருகே சென்றார். மகனுடைய படமென்று அவரிடம் எஞ்சியிருப்பது ஒன்றுதான். பள்ளி அடையாள அட்டைக்காக எடுத்த, தபால் முத்திரையைவிடச் சற்றே பெரிய படம். அதைப் பேத்தி கணினியில் ஏற்றித் தந்திருந்தாள். அவர் திரும்பி என்னைப் பார்த்து, “என்ர பிள்ளையின்ர முகம் தெரியேல்லையே, சுவாமி” என்றார். நான் சொன்ன மறுமொழி: “மெசின் பழசு அம்மா, என்ன செய்யிறது.”

அது பொய். பெட்டியைப் பிரித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. குருத்துவ வாழ்வில் எத்தனையோ பாவசங்கீர்த்தனங்களைக் கேட்டவன், என் கவனக்குறைவை மறைக்க ஒரு தாயிடம் பொய் சொன்னேன். பின்னர் அவர் வீட்டுக்குச் சென்று உண்மையைச் சொன்னேன். “பரவாயில்லை சுவாமி, அடுத்தமுறை பாப்பம்” என்றார். அந்த அடுத்தமுறைக்காகத்தான் இவ்வளவு ஆராய்ச்சியும்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. லூமென் என்பது ஒளியின் அளவு. அதை அளப்பதற்கு ஒழுங்கான முறைகள் உண்டு. ‘ஆன்சி லூமென்’ அல்லது ‘ஐஎஸ்ஓ லூமென்’ என்று எழுதியிருந்தால், திரையில் உண்மையாக வந்து விழும் ஒளியைப் பல இடங்களில் அளந்து கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். வெறுமனே ‘லூமென்’ என்றோ ‘எல்ஈடி லூமென்’ என்றோ எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் விளக்கின் பெருமையைச் சொல்கிறார்களா, திரையில் விழும் ஒளியைச் சொல்கிறார்களா என்று அறிய வழியில்லை. ‘1080பி ஆதரவு’ என்ற சொல்லும் அப்படியே. அத்தகைய காணொளியைக் கருவி ஏற்றுக்கொள்ளும் என்பதே அதன் பொருள். அதை அதே நுட்பத்துடன் காட்டும் என்பதல்ல. நான் வாங்கிய கருவியின் இயல்பான துல்லியம் 854க்கு 480 புள்ளிகள் மட்டுமே என்பதைச் சிறுகுறிப்பில் பின்னரே கண்டேன்.

நம் மொழிக்கு இது பெரிய விஷயம். ஆங்கில எழுத்து சற்று மங்கினாலும் வாசித்துவிடலாம். தமிழில் ஒரு புள்ளி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ‘அன்பு’ என்ற சொல் அந்தக் கருவியில் ‘அனபு’ என்று தெரிந்தது. பாடல் வரிகளைத் திரையில் போட்டுப் பாடுகிற நமக்கு 1920க்கு 1080 புள்ளிகள் என்பது ஆடம்பரமல்ல, தேவை.

இந்தத் தேடலினிடையே குருமட நாள்கள் நினைவுக்கு வந்தன. இயேசு சபைத் துறவி அத்தனாசியுஸ் கிர்ச்சர் ஒளியும் நிழலும் பற்றி இலத்தீனில் ஒரு பெருநூல் எழுதினார். அதன் 1671ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘மாய விளக்கு’ ஒன்றின் படம் உண்டு. சுவரில் விழும் உருவம், தீப்பிழம்புகளிடையே நிற்கும் ஓர் ஆன்மா. அவருக்கு முன்னரே, 1659இல், டச்சு அறிஞர் ஹைகன்ஸ் அத்தகைய விளக்குக்காக ஓர் எலும்புக்கூட்டின் அசைவுகளை வரைந்து வைத்திருந்தார். மனிதன் சுவரில் ஒளியால் வரையத் தொடங்கிய காலத்திலேயே இறந்தோரைத்தான் அழைத்திருக்கிறான். நாம் நவம்பரில் செய்ய முயன்றதும் அதுவே.

நம்மவரில் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1896 பெப்ரவரியில் இதே இலண்டனில், ரீஜன்ட் வீதிப் பொலிடெக்னிக்கில், லூமியேர் சகோதரர்களின் அசையும் படங்கள் காட்டப்பட்டன. அதற்கு ஒன்பது ஆண்டுகளின் பின், 1905இல், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், உடல்நலம் குன்றி நாடு திரும்ப விரும்பிய டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. ஒரு சாதாரண ஊழியருக்கு அது பெருந்தொகை. வேலையை விட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். தென்னாட்டில் தொடங்கிய பயணம் இந்தியாவின் வடக்கையும் கடல்கடந்து பர்மாவையும் எட்டியது. 1914இல் கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ என்ற நிலையான அரங்கைக் கட்டினார். அந்த வீதி இன்றும் அப்பெயரைத் தாங்குகிறது. பெட்டியில் அடக்கித் தூக்கிச் செல்லும் புரொஜெக்டரைத் தொழிலாக மாற்றிய முன்னோடிகளுள் ஒருவர் நம் தமிழர். அவரும் படம் காட்ட இருட்டை நாடினார், கூடாரத்தை நாடினார். ஒளி எவ்வளவு என்பதைப்போலவே, எவ்வளவு இருட்டு என்பதும் கணக்கில் வரவேண்டும் என்ற பாடம் அங்கேயே இருக்கிறது.

இப்போது நம் சோதனைக்கு வருவோம். வீட்டுக்கடன் ஆலோசனைத் தொழில் செய்யும் நம் பங்குத் தம்பி, பகலில் வாடிக்கையாளர்களுக்குக் கணக்குக் காட்டவும் இரவில் குடும்பத்தோடு படம் பார்க்கவும் வாங்கிய சிறிய கருவியை மூன்று வாரம் எனக்கு இரவல் தந்தார். அது 300 ஆன்சி லூமென். இயல்பான துல்லியம் 1080பி. உள்ளே மின்கலம். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

நூறு அங்குலத் திரை என்பது மூலைக்கு மூலை அளவு. அதன் அகலம் 2.2 மீற்றர், உயரம் 1.25 மீற்றர், பரப்பு ஏறக்குறைய 2.75 சதுர மீற்றர். 300 லூமெனை அதில் பரப்பினால் ஒரு சதுர மீற்றருக்கு 109 லூமென். விளக்கெரியும் மண்டபத்தில் அதே அளவு, சிலவேளை அதைவிடக் கூடுதலான வெளிச்சம் திரையின்மேல் வேறு வழியில் விழுகிறது. கறுப்பாக இருக்கவேண்டிய இடமும் சாம்பலாகிவிடும். அதே கருவியை 60 அங்குலத்துக்குச் சுருக்கினால் பரப்பு ஒரு சதுர மீற்றர்தான். ஒளி மூன்று மடங்கு செறிவாகிறது. ஆக, நான்கு பேர் சுற்றியிருக்கும் அலுவலக மேசைக்கும், திரைச்சீலை மூடிய வீட்டு அறைக்கும் அது நல்ல கருவி. நூற்றைம்பது பேர் அமரும் மண்டபத்துக்கு அன்று.

வேறு சில குறிப்புகளையும் எழுதி வைத்தேன். மின்கலம் இரண்டரை மணி நேரம் நிற்குமென்று பெட்டியில் இருந்தது. முழு வெளிச்சத்தில் ஒரு மணி நாற்பது நிமிடமே நின்றது. நீண்ட படமாயின் மின்னிணைப்பு வேண்டும். கருவியைச் சரிவாக வைத்தால் படத்தைத் தானே நிமிர்த்திக்கொள்கிறது. ஆனால் அதற்காகப் புள்ளிகளில் ஒரு பகுதியைத் தியாகம் செய்கிறது. எழுத்து மங்குகிறது. நேரெதிரே வைப்பதே மேல். அதன் உள்ளிருந்த மென்பொருளில் நம் பாடல் கோப்புகளைத் திறந்தபோது கொம்புகளும் கால்களும் இடம் மாறின. மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கம்பி வழியாகக் காட்டியதும் சரியாயிற்று. ஒலிபெருக்கி ஓர் அறைக்குப் போதும். மண்டபத்தில் விசிறியின் இரைச்சலே மேலோங்கியது. ஊருக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர் மின்கலத்தின் வாட்-மணி அளவைப் பாருங்கள். 100க்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் முன்னனுமதி வேண்டும். கைப்பொதியில் வைப்பதே பாதுகாப்பு.

அந்தச் சிறிய கருவியை நான் குறைத்துப் பேசவில்லை என்பதற்கு ஒரு சாட்சியும் உண்டு. முள்ளந்தண்டு நோயால் மாதக்கணக்காகப் படுத்திருக்கும் ஒரு ஐயாவை நீங்கள் அறிவீர்கள். மன்னார்க்காரர். ஓகஸ்ட் 15, மடு மாதா திருநாள் வழிபாடு அங்கே காலையில் தொடங்கும்போது இங்கே நள்ளிரவு கடந்திருந்தது. கருவியை மல்லாத்தி வைத்து அறையின் கூரையில் நேரலையை விழுத்தினோம். கழுத்தைத் திருப்பாமல், படுத்தபடியே மடுத் திருத்தலத்தைப் பார்த்தார். கூட்டத்திடையே மரங்களைக் காட்டி, “அந்தப் பக்கந்தான் நாங்கள் வண்டில் விடுறது” என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. அவர் மகள் அடுத்த வாரமே அத்தகைய கருவியொன்றை வாங்கிவிட்டார். சரியான முடிவு.

மண்டபத்துக்கு எது? அதைத் தீர்மானிக்க ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அந்த அம்மாவையே அழைத்தேன். நவம்பரில் இருந்த அதே திரைச்சீலை, அதே விளக்குகள், அதே படம். சிறிய கருவியில் நூறு அங்குலம்: தலையை அசைத்தார், தெரியவில்லை. அறுபது அங்குலம்: தெரிந்தது, ஆனால் பின்வரிசையில் நின்ற பேத்திக்குத் தெளிவில்லை. பிறகு, புதுப்பித்து விற்கப்படும் அலுவலகக் கருவி ஒன்றை மாதிரிக்கு வாங்கி வந்திருந்தோம். 3,500 ஆன்சி லூமென், மின்கலம் இல்லை, அழகும் இல்லை. 120 அங்குலத் திரையிலும் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 880 லூமென் விழும் கணக்கு. படம் எழுந்தது.

அம்மா நெடுநேரம் நின்றார். “இவன் சிரிக்கிறான் எண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது” என்றார்.

தபால் முத்திரை அளவுப் படத்தில் உதட்டோரச் சிரிப்பு ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்று நான் வேறெதையும் சோதிக்கவில்லை.

ஆகவே கணக்கு இது. புதுப்பித்த கருவி 395 பவுண். இழுத்து விரிக்கும் திரையும் நீண்ட கம்பியும் 110 பவுண். மீதி 135 பவுண் முதியோர் மன்றத்துக்கே திரும்புகிறது. முன்பு வீணாக்கிய 70 பவுண் பங்குப் பணமன்று, என் சொந்தப் பணம்.

நீங்கள் வீட்டுக்கு வாங்குவதானால் மூன்று சொற்கள். ஒன்று, ‘ஆன்சி’ அல்லது ‘ஐஎஸ்ஓ’ என்ற சொல்லும் ‘இயல்பான துல்லியம்’ என்ற சொல்லும் இல்லாத பெட்டியை விட்டுவிடுங்கள். இரண்டு, இந்நாட்டில் தனிநபர் இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்த 14 நாள்களுக்குள் வேண்டாமென்று சொல்ல உரிமையுண்டு. பழுதான பொருளாயின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். எனவே வந்த அன்றே உங்கள் அறையில், உங்கள் வெளிச்சத்தில் சோதியுங்கள். தொழிலின் பெயரில் வாங்குவோருக்கு இவ்வுரிமைகள் பொருந்தா. விற்பவரின் நிபந்தனையை முன்கூட்டியே கேளுங்கள். மூன்று, வீட்டில் படம் பார்ப்பது வேறு, மண்டபத்தில் காட்டுவது வேறு. கட்டணம் வாங்காவிட்டாலும் திரைப்படத்தைப் பொதுவில் காட்ட உரிமம் வேண்டும். இளைஞர் மன்றத்தினர் கவனிக்க.

இவ்வாண்டு நவம்பர் நினைவு நிகழ்வுக்கான படங்களை ஒக்டோபர் இறுதிக்குள் தாருங்கள். சிறிய படம், கிழிந்த படம் என்று தயங்கவேண்டாம். பேத்திமார் இருவர் அவற்றைக் கணினியில் ஏற்ற முன்வந்திருக்கிறார்கள். முன்வரிசையில் ஓர் இருக்கையை அந்த அம்மாவுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடனும் செபத்துடனும்,
உங்கள் பங்குத்தந்தை